மஞ்சளாகிப் போன மீடியம்

கேள்வி: எங்களுக்குச் சாயப்பட்டறைங்க. மகள் கோவையில் பயோடெக்னாலஜி படிக்கிறாள். வெள்ளிக்கிழமை லேபில் வளர்க்கும் செல்லை (உயிரணுக்களை) வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். திங்கட்கிழமை போனால் செல் வளரும் சிவப்பு ஊட்டத் திரவம், அதாவது மீடியம், மஞ்சளாகி, செல் பாதி செத்து மிதந்ததாம். பிஎச் (அமில, கார அளவு) இறங்கிவிட்டது, அதாவது அமிலம் ஏறிவிட்டது என்கிறார்கள். பட்டறையில் பிஎச் தப்பினால் சோடா போட்டுச் சரிக்கட்டுகிறோம், அங்கே அது முடியாதுங்களா?
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: முடியாதுங்க. ரியாக்டிவ் சாயம் பிடிக்க பிஎச் 11 பக்கம் போனாலும் உங்கள் பருத்தித் துணி தாங்கும். மகள் வளர்ப்பது உயிருள்ள செல். மனித, விலங்கு செல்கள் பெரும்பாலும் 7.2-லிருந்து 7.4-க்குள்தான் நன்றாக வளரும், ஏறக்குறைய நம் ரத்தத்தின் பிஎச். அது 7.4-லிருந்து 7.1-க்கு வந்தால் 0.3 தானே என்று தோன்றும், ஆனால் பிஎச் மடக்கைக் கணக்கு (ஒரு எண் இறங்கினால் அமிலம் பத்து மடங்கு) என்பதால் அதற்குள் அமிலத்தன்மை தரும் ஹைட்ரஜன் அயனிகள் இரண்டு மடங்காகிவிடும். வெளியே அமிலம் ஏற ஏற உள்ளேயும் ஏறி, என்சைம்களின் வேலை கெட்டு, செல் முதலில் பெருகுவதை நிறுத்தும், அப்புறம் தட்டிலிருந்து கழன்றுவிடும். அந்த நிலையில் காரம் ஊற்றினால் நிறம் சிவப்பாகும், அவ்வளவுதான். செத்த செல் பிழைக்காது, ஊற்றிய காரத்தால் சேரும் உப்பு மிச்சம் இருக்கும் செல்லையும் வாட்டும்.

அமிலம் எங்கிருந்து வந்தது? செல்லே விட்டதுதான். குளுக்கோஸைத் தின்று லாக்டிக் அமிலத்தைக் கழிக்கிறது, இட்லி மாவு புளிப்பதும் இதே அமிலத்தால்தான். அதைத் தாங்கிப் பிடிக்கத்தான் மீடியத்தில் சோடியம் பைகார்பனேட் கலக்கிறார்கள். அது இன்குபேட்டரில் (செல்லை வைக்கும் வெதுவெதுப்பான பெட்டியில்) இருக்கும் 5 சதவீதம் கார்பன் டை ஆக்ஸைடோடு சேர்ந்துதான் பிஎச்சை நிறுத்தி வைக்கும். வாயு குறைந்தாலோ, பாட்டிலை வெளியே வெகுநேரம் வைத்தாலோ பிஎச் எதிர்ப்பக்கம், அதாவது காரப் பக்கம் போய், மீடியம் ரோஸ் நிறமாகும். இந்த நிறமெல்லாம் பீனால் ரெட் என்ற சாயம் காட்டுவது, உங்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

மகளைத் திட்டாதீங்க, இரண்டு நாள் விடுமுறையில் நெருக்கமாக வளர்ந்த செல் இப்படித்தான் செய்யும். வெள்ளிக்கிழமை கிளம்பும் முன் புது மீடியம் மாற்றட்டும், தட்டு நிறைந்திருந்தால் செல்லை வேறு தட்டுகளுக்குப் பிரித்து வைக்கட்டும். மூடி காற்றுப் போகாத வகை என்றால் கொஞ்சம் தளர்த்தி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் இன்குபேட்டர் வாயு உள்ளே போகாது. மஞ்சளோடு கலங்கலும் இருந்தால் மட்டும் அது வேறு கதை, பாக்டீரியா புகுந்திருக்கும். காப்பாற்றப் பார்க்காமல், பிளீச் ஊற்றி அப்புறப்படுத்திவிடச் சொல்லுங்க.