பேய்க்கு நியாயம் கிடைத்த பிறகு

அன்புள்ள ஐயா,

நான் திருமங்கலத்தில் வசிக்கிறேன். மதுரையில் ஒரு கல்லூரியில் இறுதியாண்டு படிக்கிறேன். நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து, வெளியாகும் பேய்ப்படங்களை ஒன்றுவிடாமல் பார்த்துவருகிறோம். படம் முடிந்ததும் தேநீர்க் கடையில் நின்று, ஒரு படம் எதனால் பயமுறுத்துகிறது என்று வாதாடுவது எங்கள் வழக்கம். எதிர்பாராத நேரத்தில் வரும் சத்தம்தான் எல்லாம், ஒலியை நிறுத்திவிட்டுப் பார்த்தால் எந்தப் பேயும் பொம்மைதான் என்பான் ஒருவன். பேயைக் காட்டாத வரைக்கும்தான் பயம் என்பான் இன்னொருவன். மூன்றாமவனுக்கு ரத்தம் தெறிக்க வேண்டும். நான்காமவனுக்கு, தொடக்கத்தில் 'உண்மைச் சம்பவம்' என்று ஒரு வரி போட்டுவிட்டால் போதும், அன்றிரவு தூக்கம் கிடையாது. நால்வர் சொல்வதும் பாதி சரி என்றே எனக்குத் தோன்றுகிறது.

என் அம்மா பாண்டி கோயிலுக்கு அடிக்கடி போகிறவர். அங்கே பேய் பிடித்தவர்கள் தலைவிரித்து ஆடுவதை அருகில் நின்று பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து நிம்மதியாகச் சமைப்பவர். பேய்ப்படம் ஓடினால் அவருக்குச் சிரிப்புதான் வரும். ஆனால் ஜப்பானியப் படமான 'ரிங்'கை நான் பார்த்துக்கொண்டிருந்தபோது, கதையை என்னிடம் கேட்டுக்கேட்டுக் கடைசிவரை உடன் இருந்தவர், "எலும்பைக் கிணற்றிலிருந்து எடுத்து ஆகவேண்டியதைச் செய்த பிறகும் அது ஏன் வருகிறது?" என்று இரண்டு முறை கேட்டார். அன்றிரவு எங்கள் தொலைக்காட்சிப் பெட்டியைத் துணி போட்டு மூடினார். பேயை நம்புகிற ஒருவர் பேய்ப்படங்களுக்கெல்லாம் சிரித்துவிட்டு, இந்த ஒன்றுக்கு மட்டும் அஞ்சியது ஏன்? நாங்கள் ஒரு குறும்படம் எடுக்கத் திட்டமிட்டிருக்கிறோம். அதற்கும் உங்கள் கருத்து உதவும்.

ச., திருமங்கலம்

*

அன்புள்ள ச. அவர்களுக்கு,

தேநீர்க் கடையில் நடந்த விவாதத்தில் உங்கள் அம்மாவும் கலந்துகொண்டிருந்தால் அது அன்றைக்கே முடிந்திருக்கும். அவர் கேட்ட கேள்விதான் இந்த விஷயத்தின் மையம். ஆயினும் நண்பர்களின் கட்சிகளைத் தொடாமல் அங்கே போவது முறையாகாது.

சத்தத்தின் கட்சிக்கு நீண்ட வரலாறு உண்டு. வால் லூட்டன் தயாரித்து ஜாக் டூர்னர் இயக்கிய 'கேட் பீப்பிள்' என்ற 1942ஆம் ஆண்டுப் படத்தில், ஆளரவமற்ற தெருவில் ஒரு பெண் இரவில் தனியாக நடந்துபோகிறாள். பின்னால் வரும் காலடி ஓசை ஓரிடத்தில் நின்றுபோகிறது. ஏதோ ஒரு விலங்கு பாயப்போகிறது என்று நாம் இறுகி உட்கார்ந்திருக்கும்போது, சீறிக்கொண்டு பக்கவாட்டிலிருந்து வந்து நிற்பது ஒரு பேருந்து. அந்தப் பேருந்தைத்தான் அதற்குப் பிறகு வந்தவர்கள் விடாமல் நகலெடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு முன்னால் இருந்த அந்த நீண்ட நடையை எடுத்துக்கொண்டவர்கள் குறைவு. காதருகே வெடி வெடித்தால் எவருடைய உடலும் துள்ளும். துள்ளி முடிந்ததும் திரையரங்கில் ஒரு சிரிப்பலை எழுகிறதே, அதுவே அந்தப் பயத்தின் ஆயுள் எவ்வளவு என்பதைச் சொல்லிவிடுகிறது. ரத்தக் கட்சியைப் பற்றி எனக்கு அதிகம் சொல்வதற்கில்லை. தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டைச் சொன்னபோது இளிவரலை, அதாவது அருவருப்பை, வேறாகவும் அச்சத்தை வேறாகவும் வைத்தார். முகத்தைத் திருப்பிக்கொள்வதும் நடுங்குவதும் ஒன்றல்ல என்பது உங்கள் மூன்றாவது நண்பருக்கும் தெரிந்தே இருக்கும்.

காட்டாமல் விடுவதே பயம் என்பது இன்னும் கனமான வாதம். 1975இல் வந்த 'ஜாஸ்' படத்துக்காகச் செய்த இயந்திரச் சுறா கடல்நீரில் அடிக்கடி பழுதாகிப்போனதால், ஸ்பீல்பெர்க் சுறாவைக் காட்டாமலே படத்தின் பெரும்பகுதியை நகர்த்த வேண்டியதாயிற்று என்பதும், அந்த நெருக்கடியே படத்துக்கு நன்மையாக முடிந்தது என்பதும் பலரும் அறிந்தவை. ஆனால் காணாதது எல்லாமே அச்சம் தரும் என்றால், அழகர்கோயிலுக்குப் போகிறவர்கள் பதினெட்டாம்படிக் கருப்பசாமியின் சந்நிதியில் நடுங்கியல்லவா நிற்க வேண்டும்? அங்கே சிலை கிடையாது. சந்தனம் பூசிய, மூடிய கதவுகளே சாமி. அந்தப் படிகளின் அடியில் மலையாள மந்திரவாதிகள் பதினெட்டுப் பேர் புதைந்துகிடக்கிறார்கள் என்பது கதை. ஒரு திகில் படத்துக்கு வேண்டிய எல்லாம் அங்கே இருக்கின்றன. இருந்தும் ஜனங்கள் பிள்ளைகுட்டிகளோடு வந்து, கும்பிட்டுவிட்டு, ஆறுதலோடு திரும்புகிறார்கள். அந்தக் கதவின் முன்னால் உண்மையில் அஞ்சுகிறவன், பொய்ச் சத்தியம் செய்ய வந்தவன் மட்டுமே. ஆகவே, கதவுக்குப் பின்னால் இருப்பது தெரிகிறதா தெரியவில்லையா என்பது இரண்டாவது கேள்வி. அது யாருக்காக வரும் என்பதே முதற்கேள்வி.

இந்தக் கேள்விக்கு நம் ஊரில் மிகப் பழைய விடை ஒன்று உண்டு. மதுரையை எரிக்கச் சொல்லித் தீக்கடவுளை ஏவும்போது கண்ணகி ஒரு பட்டியலையும் சேர்த்தே தருகிறாள்: பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழவி. இவர்களை விட்டுவிட்டுத் தீயவர் பக்கமே சேர்க என்பது அவளுடைய ஆணை. ஒரு மாநகரமே பற்றியெரியும் காதையைப் படிக்கும்போது நமக்கு வியப்பும் துக்கமும் வருகின்றன, அச்சம் வருவதில்லை. ஏனெனில், நம்மை நாமே அந்தப் பட்டியலில் எங்கேயாவது ஓரிடத்தில் சேர்த்துக்கொண்டுதான் படிக்கிறோம்.

தமிழில் வந்த பேய்ப்படங்களில் பெரும்பாலானவை இந்தப் பட்டியலின் வாரிசுகள் என்பது என் எண்ணம். ஏமாற்றப்பட்டுக் கொல்லப்பட்ட ஒருத்தியோ ஒருவனோ திரும்பி வருகிறார்; இடைவேளைக்குப் பிறகு ஒரு பிளாஷ்பேக்கில் வழக்கின் விவரம் முழுவதும் நமக்குச் சொல்லப்படுகிறது; அந்தக் கணம் முதல் அரங்கம் மொத்தமும் பேயின் கட்சிக்காரர்களாகிவிடுகிறது. வில்லனின் கழுத்தைப் பேய் நெரிக்கும்போது நாம் விசிலடிக்கிறோம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அநீதிக்குத் தீர்ப்பு கிடைப்பதைக் கூட்டமாக உட்கார்ந்து பார்ப்பதில் ஒரு திருவிழாவின் நிறைவு இருக்கிறது. அந்த நிறைவைப் பயம் என்று எண்ணிக்கொள்வதில்தான் குழப்பம். உங்கள் அம்மா அந்தக் குழப்பத்துக்கு ஆளாகவில்லை. காத்துக்கருப்பு பிடித்தால் கோடாங்கி குறி சொல்லுவார், அது கேட்டதைக் கொடுத்தால் போய்விடும், திருநீறும் எலுமிச்சையும் இன்னின்ன வேலை செய்யும் என்று அவருக்குத் தெரியும். அவர் வாழும் உலகத்தில் பேய் உண்டு. பேய்க்கு மனு கொடுக்கும் இடமும் உண்டு. அத்தகையவருக்கு, மனு ஏற்கப்பட்டுத் தீர்ப்பு வழங்கப்படும் ஒரு படம் என்ன புதிதாகச் சொல்லிவிட முடியும்?

ஹிடியோ நகாட்டாவின் 'ரிங்', 1998இல் வெளியானது. வெகுகாலமாகிவிட்டதால் முடிவைச் சொல்வதில் தவறில்லை என்று கருதுகிறேன். ஒரு ஒளிநாடாவைப் பார்த்தவர்கள் ஏழு நாளில் இறந்துபோகிறார்கள். அதைப் பார்த்துவிட்ட பெண் நிருபர், தன் முன்னாள் கணவரோடு சேர்ந்து, கிணற்றில் தள்ளிக் கொல்லப்பட்ட சடகோ என்ற பெண்ணின் கதையைக் கண்டறிந்து, கிணற்றில் இறங்கி, எலும்புக்கூடாகிவிட்ட உடலைக் கையில் அணைத்துக்கொள்கிறாள். கெடு கடந்துவிடுகிறது, அவள் சாகவில்லை. நம் மரபின்படி படம் அங்கே முடிந்துவிட்டது. மறுநாள் அந்த முன்னாள் கணவர் வீட்டில் தனியாக இருக்கும்போது தொலைக்காட்சி தானாக உயிர்பெறுகிறது. அதிலிருந்து வெளியே தவழ்ந்து வருகிறவளின் நடை மனித நடையாக இல்லாததற்குக் காரணம், நடிகையைப் பின்னோக்கி நடக்கவைத்துப் படச்சுருளைத் திருப்பி ஓட்டியது. அது நல்ல உத்திதான். ஆனால் அம்மாவைத் தொலைக்காட்சியை மூடவைத்தது அந்த நடை என்று நான் நம்பவில்லை. நியாயம் செய்துமுடித்த பிறகும் அது வந்தது என்பதே காரணம். அதைவிடக் கொடியது பின்னால் இருக்கிறது: தப்பிக்க ஒரே வழி, நாடாவைப் படியெடுத்து இன்னொருவருக்குக் காட்டுவது. விலக்கு உண்டு, ஆனால் அதை இன்னொருவர் தலையில் கட்டித்தான் பெற முடியும். படத்தின் முடிவில் அந்தத் தாய், தன் மகனைக் காப்பாற்றுவதற்காகத் தன் தந்தையின் வீட்டை நோக்கிக் காரில் போய்க்கொண்டிருக்கிறாள்.

இந்தக் கண்ணோட்டத்தோடு பழைய படங்களைப் பாருங்கள். ஹிட்ச்காக்கின் 'சைக்கோ'வில் (1960) குளியலறைக் காட்சியின் வெட்டுகளைப் பற்றியும், பெர்னார்ட் ஹெர்மனின் வயலின்களைப் பற்றியும் எவ்வளவோ எழுதிவிட்டார்கள். எனக்கு முக்கியமாகத் தோன்றுவது வேறு. பணத்தைத் திருடிக்கொண்டு வந்த அந்தப் பெண், அதைத் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று முடிவுசெய்துவிட்டுத்தான் குளிக்கப்போகிறாள். மனந்திருந்தியவள்; அதோடு கதாநாயகியாக நடித்த பிரபலமான நட்சத்திரம். பாதிப் படம்கூட முடிவதற்குள் அவள் சாகிறாள். படம் தொடங்கிய பிறகு யாரையும் உள்ளே விடக் கூடாது என்று ஹிட்ச்காக் திரையரங்குகளை வற்புறுத்தியதன் பொருள் அப்போதுதான் விளங்குகிறது. (பெயர் போட்டு முடிந்த பிறகு டார்ச் வெளிச்சத்தில் இருக்கை தேடும் நம் ஊரில் அந்த விதி ஒரு காட்சிக்குக்கூடத் தாக்குப்பிடித்திருக்காது.) 'ஜாஸ்' படத்தில் ஒரு சிறுவன் பலியாவது நள்ளிரவில் நிகழவில்லை, பட்டப்பகலில், கடற்கரை நிறைய ஆட்கள் இருக்கும்போது, அவனுடைய தாய் கரையில் உட்கார்ந்திருக்கும்போது நிகழ்கிறது. கண்ணகியின் தீ தொடாமல் விட்ட குழந்தையைச் சுறா விடுவதில்லை.

சிலம்பிலும் அச்சம் இல்லாமல் இல்லை. அதைத் தீயில் தேடாமல், கொலைக்களக் காதையில் தேட வேண்டும். கோவலன் சிலம்பு விற்கப் புறப்படுகிறான். திமில் பெருத்த ஏறு ஒன்று எதிரே பாய்ந்து வருகிறது. அது தீநிமித்தம் என்பது அவனுடைய குலத்தார் அறிந்ததன்று. ஆகையால் அவன் நடந்துபோகிறான். நமக்குத் தெரிகிறது, அவனுக்குத் தெரியவில்லை. அரசியின் ஊடலைத் தீர்க்க விரைந்துகொண்டிருக்கும் அரசன், பொற்கொல்லன் பேச்சை நம்பி, நின்று விசாரிக்காமல் ஆணையிடுகிறான். வந்த காவலர்களோ கோவலனைப் பார்த்துவிட்டு, இவன் கொல்லத்தக்கவனாகத் தோன்றவில்லையே என்று தயங்குகிறார்கள். வாசிக்கிற நமக்கு ஒரு மூச்சு வருகிறது. பொற்கொல்லன் கள்வர்களின் தந்திரங்களை வரிசையாக அடுக்குகிறான். காவலர்கள் தமக்குள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குள் கல்லாத குடிகாரன் ஒருவன், விவாதம் முடியும்வரை காத்திராமல், வாளை வீசிவிடுகிறான். தொல்காப்பியர் அச்சத்தின் பிறப்பிடங்களாக அணங்கு (வருத்தும் தெய்வம்), விலங்கு, கள்வர், தம் இறை (அரசன்) என நான்கைச் சொல்கிறார். கள்வன் என்ற பெயரைச் சுமந்து, இறையின் ஆணையால், குற்றமற்ற ஒருவன் சாகிறான். எந்தப் பரிகாரத்துக்கும் அங்கே நேரமில்லை. மதுரையில் நடப்பதாகச் சொல்லப்பட்ட கதைகளில் இதைவிட என்னை நடுங்கவைத்தது வேறில்லை. அதில் பேயே கிடையாது.

நம் காலத்துத் தமிழ்ப் படங்களில், விக்ரம் குமாரின் 'யாவரும் நலம்' (2009) இந்த இடத்துக்கு மிக அருகில் வந்தது. புது அடுக்ககத்துக்குக் குடிவரும் நாயகனுக்கு மட்டும் லிப்ட் வேலை செய்வதில்லை. மற்றவர்கள் ஏறினால் நகர்கிறது. வீட்டுப் பெண்கள் மத்தியானம் பார்க்கும் தொலைக்காட்சித் தொடரில், அவர்கள் வீட்டில் நடப்பதே நடக்கிறது. அந்தக் குடும்பம் யாருக்கும் ஒரு தீங்கும் செய்யவில்லை. பழைய கொலையின் விவரம் தெரியத் தொடங்கியதும் படம் துப்பறியும் கதையாகிவிடுகிறது என்பது என் வருத்தம். ஆனால் அந்த லிப்டு எனக்கு இன்றும் பிடித்த பேய்.

உங்கள் நான்காவது நண்பரை இப்போது கேலி செய்யாமல் பார்க்கலாம். 'உண்மைச் சம்பவம்' என்ற வரியின் வேலை, இது உனக்கும் நடக்கலாம் என்று சொல்வதுதான். 1999இல் 'பிளேர் விட்ச் புராஜெக்ட்' நடிகர்களையே காணாமற்போனவர்களாக விளம்பரம் செய்ததும் இதற்காகத்தான். ஒரே குறை, வரியைப் போட்டுவிட்டால் மட்டும் போதாது. கதையும் அதையே சொல்ல வேண்டும்.

குறும்படத்துக்கு வருவோம். நீங்கள் ஒரு கிராமத்து வீட்டையும் கோடாங்கியையும் யோசித்து வைத்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். கோடாங்கியைப் போலியாகவோ கோமாளியாகவோ ஆக்கிவிடாதீர்கள். அப்படிச் செய்தால், நல்ல கோடாங்கி கிடைத்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று பார்ப்பவர் ஆறுதல் கொள்வார். நேர்மையும் திறமையும் உள்ள ஒருவர், செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்யட்டும். குடும்பமும் குலசாமிக்குக் குறைவைக்காத குடும்பமாக இருக்கட்டும். அதன் பிறகு அது திரும்ப வரட்டும். எழுதிய திரைக்கதையை முதலில் அம்மாவிடம் சொல்லிப்பாருங்கள். எந்த இடத்தில் அவர், "இதற்கு இன்னதைச் செய்திருக்கலாமே" என்கிறாரோ, அந்தப் பரிகாரத்தையும் உங்கள் பாத்திரங்கள் செய்துபார்க்க வேண்டும். இரவுக் காட்சிகளைக் குறைத்துக்கொண்டால் விளக்கு வாடகையும் மிச்சம். படத்தைப் பதினைந்து நிமிடத்துக்குள் முடித்துவிடுங்கள். அந்த நீளத்தில் பிளாஷ்பேக் வைக்க வேண்டும் என்ற ஆசை எழுந்தாலும் அதற்கு இடமிருக்காது.

அன்புடன்.