வடசென்னையில் குடும்பத்தோடு ஒரு நாள் காலாறப் போய்வர இடம் இருக்கிறதா, இல்லை எல்லாவற்றுக்கும் ஈசிஆர்தானா?

பெரம்பூருக்குப் புதிதாகக் குடிவந்திருப்பதாகவும், வயதான பெற்றோர், பள்ளிக்குப் போகும் பிள்ளைகளோடு ஞாயிற்றுக்கிழமை எங்காவது மரம், தண்ணீர், பறவை என்று பார்த்துவர ஆசைப்படுவதாகவும் கேட்டிருக்கிறீர்கள். அத்தோடு நிறுத்தியிருந்தால் நான் பாட்டுக்குப் படித்துவிட்டுப் போயிருப்பேன். "இல்லை எல்லாவற்றுக்கும் ஈசிஆர்தானா" என்று முடித்தீர்களே, அதற்காகத்தான் சமையலைப் பாதியில் விட்டுவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

உங்கள் நிலைமையை என்னால் ஊகிக்க முடிகிறது. வீடு பார்த்த நாளிலிருந்தே சொந்தக்காரர்கள் "ஏன் அந்தப் பக்கம் போனீர்கள்" என்று துக்கம் விசாரிப்பதுபோல் விசாரித்திருப்பார்கள். நான் பிறந்தது தண்டையார்பேட்டை, வாழ்க்கைப்பட்டது திருவொற்றியூர். அந்த விசாரிப்பை நாற்பது வருடமாகக் கேட்டு வருகிறேன். பெருங்குடியில் இருக்கும் என் ஓரகத்தி எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் காரின் கண்ணாடியை இறக்கவே மாட்டாள்.

ஈசிஆர், அதாவது சென்னைக்குத் தெற்கே போகும் கிழக்குக் கடற்கரைச் சாலை, அந்தப் பேச்சை எடுத்ததால் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகச் சுவரைக் கட்டியதும் வந்த மணல் தெற்கே தேங்கிவிட்டது. வடக்கே வரவேண்டியது வரவில்லை. மெரினா அகலமானது அப்படித்தான், ராயபுரம் முதல் எங்கள் ஊர் வரை கடல் கரையைத் தின்றதும் அப்படித்தான். இன்று நாங்கள் கடற்கரை என்று போனால் பாறாங்கற்களின் மேல்தான் உட்கார வேண்டும். எங்களுக்கு வரவேண்டிய மணலில் கால் பதித்து நடந்துவிட்டு வந்து "உங்கள் பக்கம் கடற்கரையே இல்லையே" என்பவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது?

சரி, கேள்விக்கு வருகிறேன். பக்கத்தில் போதும் என்றால் மாதவரம் பால்பண்ணைப் பக்கம் தோட்டக்கலைத் துறையின் பூங்கா இருக்கிறது, பிள்ளைகள் ஓடலாம். பெரியவர்களுக்குக் கோயில் பிடிக்கும் என்றால் பௌர்ணமி அன்று காலையில் மேலூர் திருவுடையம்மன், நண்பகலில் திருவொற்றியூர் வடிவுடையம்மன், மாலையில் வடதிருமுல்லைவாயில் கொடியிடையம்மன் என்று மூன்று பேரையும் ஒரே நாளில் பார்த்துவரும் வழக்கம் எங்கள் பக்கம் உண்டு. என் அம்மா கட்டுச்சோற்றோடு போய்வருவார். ஒருநாள் சுற்றுலா என்ற பெயர் அப்போது அதற்குக் கிடையாது, அவ்வளவுதான்.

ஆனால் நீங்கள் கேட்ட மரமும் தண்ணீரும் பறவையும் வேண்டுமென்றால் பழவேற்காடு. ஒடிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. நாங்கள் போனதைச் சொல்கிறேன், அதிலிருந்து உங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

போன ஜனவரியில் ஒரு ஞாயிறு. நான், என் கணவர், ஒன்பது வயது மகள், எழுபத்தொரு வயது மாமியார். அத்தை பிறந்து வளர்ந்தது எண்ணூர் காட்டுக்குப்பம். திருமணமாகி வந்தபின் அந்தப் பக்கம் போனது குறைவு. கடந்த பத்து வருடங்களில் இரண்டு சாவுக்குப் போனதுதான். வீட்டில் அதிகம் பேசமாட்டார். தொலைக்காட்சி ஓடும், அவர் அதைப் பார்ப்பார், பார்க்கிறாரா என்பது எங்களுக்குத் தெரியாது. அவரையும் அழைத்துப்போகலாம் என்றது என் கணவர் அல்ல, நான். இதை அடிக்கோடிட்டுச் சொல்லிக்கொள்கிறேன்.

திருவொற்றியூரில் காலை ஆறு மணிவாக்கில் கும்மிடிப்பூண்டி லோக்கல் பிடித்தோம். எண்ணூர் தாண்டியதும் ரயில் கொசஸ்தலை ஆற்றின் மேல் போகும். கிழக்கே அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள், கீழே ஆறு, ஓரமெல்லாம் சாம்பல் படிந்த திட்டுகள், அந்தத் திட்டின் மேலேயே கொக்குகள். அத்தை எழுந்து கதவருகே போய்விட்டார். கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இங்கே இடுப்பளவு தண்ணீரில் அம்மாவோடு இறால் தடவுவோம்" என்றார். இருபத்தெட்டு வருடம் அவரோடு ஒரே வீட்டில் இருக்கிறேன். எனக்கு அது புதுச் செய்தி.

மகள் விடவில்லை. தடவுவது என்றால் என்ன? வலை கிடையாதா? ரயில் அத்திப்பட்டு, நந்தியம்பாக்கம், மீஞ்சூர் என்று ஒவ்வொன்றாக நின்று போக, அத்தை காற்றில் கையை விரித்துக் காட்டினார். சேற்றோடு சேர்த்து இரண்டு கையாலும் மெதுவாகத் துழாவ வேண்டும். இறால் உள்ளங்கையில் துள்ளும். நெரிக்காமல் பிடித்து, பல்லில் கடித்துத் தொங்கவிட்டிருக்கும் ஓலைப் பறியில் போட வேண்டும். வாயில் பறி இருப்பதால் பேச முடியாது. "அதனால்தான் பாட்டி பேசுவதே இல்லையா?" என்று மகள் கேட்டாள். பெட்டியில் பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள், அத்தையும் சிரித்தார்.

பொன்னேரியில் இறங்கி, பஸ்ஸில் சுமார் 20 கிலோமீட்டர். ஏரியின் குறுக்கே கலங்கரை விளக்கக் குப்பத்துக்குப் போகும் பாலம் ஒன்று இருக்கிறது. நடை என்றால் அந்தப் பாலத்தில்தான் நடக்க வேண்டும், அதுவும் வெயில் ஏறுவதற்குள். இரண்டு பக்கமும் தண்ணீர். கூழைக்கடாக்கள், நீர்க்காகங்கள், தலைக்கு மேல் செம்பருந்து. பூநாரைகள் தூரத்தில் இருந்தன. கிட்டப்போய்ப் பார்ப்போம் என்று நினைத்துப் போகாதீர்கள். வெளுத்த கோடு போலத் தெரியும், அந்தக் கோடு நகரும்போதுதான் பறவை என்று புரியும். என் கணவர் அலுவலக நண்பர் ஒருவரிடம் பைனாகுலர் வாங்கி வந்திருந்தார். அதில் பார்த்தால் இளஞ்சிவப்புச் சிறகும் தலைகீழாகத் தண்ணீருக்குள் போன அலகும் தெரிந்தன. அந்த நிறம் அவை தின்னும் பாசியிலிருந்தும் சிறு உயிர்களிலிருந்தும் வருகிறது என்று மகளுக்கு நான் விளக்கிக்கொண்டிருந்தேன். அத்தை பைனாகுலரை வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்துவிட்டு, "காலால் சேற்றைக் கலக்கி வாயால் அரிக்கிறது. நாங்கள் கையால் செய்ததை இது காலால் செய்கிறது" என்றார். அதோடு என் விளக்கத்தை நிறுத்திக்கொண்டேன்.

பாலத்திலிருந்து இறங்கியதும் படகுக்காரர் ஒருவர் அருகில் போய்க் காட்டுகிறேன் என்றார். கணவருக்கு ஆசை. அத்தை ஒரே சொல்லில் வேண்டாம் என்றுவிட்டார். 2011 டிசம்பர் 25 அன்று இங்கே சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப்பின் சுற்றுலாப் படகுக்குத் தடை வந்தது. யாராவது கூப்பிட்டாலும் ஏறாதீர்கள். அவர்கள் பிழைப்பைக் கெடுக்கிறேன் என்று யாரும் என்மேல் பாய வேண்டாம், அவர்களிடம் மீன் வாங்குங்கள், பேரம் பேசாமல் வாங்குங்கள்.

டச்சுக் கல்லறைக்கும் போனோம். வாசலில் இரண்டு பக்கமும் எலும்புக்கூடு செதுக்கியிருக்கும், பிள்ளைகளுக்கு அது போதும். என் பங்குக்கு நான் ஒரு கணக்கைச் சொன்னேன்: மதராஸ் என்ற ஊருக்கே 1639தான் தொடக்கம், டச்சுக்காரர்கள் இங்கே 1613லேயே கோட்டை கட்டியாகிவிட்டது. அதை அப்படியே ஓரகத்திக்கும் வாட்ஸாப்பில் அனுப்பினேன். பார்த்ததற்கான நீலக்குறி வந்தது, பதில் வரவில்லை.

ஒரு தொல்லையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கழிப்பறை. வயதானவர்களை அழைத்துப் போகிறீர்கள் என்றால் இதை முதலில் யோசியுங்கள். எங்கள் கண்ணில் உருப்படியாக ஒன்றும் படவில்லை. கடைசியில் ஒரு தெருவில் வாசலில் உட்கார்ந்து பனை ஓலைப் பெட்டி முடைந்துகொண்டிருந்த ஒரு அக்காவிடம் கேட்டேன். கேட்டு முடிப்பதற்குள் எழுந்து அத்தையின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போய்விட்டார். திரும்பி வந்தால் டீ தயாராக இருந்தது. முஸ்லிம் வீடு; பழவேற்காட்டில் ஓலைப் பின்னல் அவர்கள் வீட்டுப் பெண்கள் பலருடைய கைத்தொழில். அத்தை ஓலையைக் கையில் எடுத்துப் பார்த்து, பறிக்கு இப்படி நெருக்கமாகப் பின்ன மாட்டோம், தண்ணீர் வடிய வேண்டும் என்று ஆரம்பித்தார். அதற்குமேல் எங்களுக்கு அங்கே வேலையில்லை. முக்கால் மணி நேரம் இரண்டு பேரும் பேசினார்கள். நானும் கணவரும் திண்ணையில் உட்கார்ந்து புளிசாதத்தைச் சாப்பிட்டோம். அன்று நான் ரசித்த இயற்கைக் காட்சி எது என்று கேட்டால் பூநாரையைச் சொல்ல மாட்டேன்.

இனி வரப்போகும் பின்னூட்டங்களுக்கு. "எண்ணெய் மிதந்த இடத்துக்கா குழந்தைகளை அனுப்பச் சொல்கிறாய்" என்று ஒருவர் வருவார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் கலந்ததும், படகும் வலையும் கருத்ததும், கூழைக்கடாக்களின் இறகெல்லாம் எண்ணெய் அப்பியதும் எனக்குத் தெரியும். எங்கள் தெருவில் பாதிப் பேரின் உறவு அங்கேதான் இருக்கிறது. எண்ணூர் ஆற்றில் பிள்ளைகளை இறக்குங்கள் என்று நான் எங்கும் சொல்லவில்லை. ரயிலில் போகும்போது கதவருகே நின்று பார்க்கச் சொல்கிறேன். பறவையையும் காட்டுங்கள், புகைபோக்கியையும் காட்டுங்கள். இன்னொருவர், "பழவேற்காடு வடசென்னையே இல்லை, திருவள்ளூர் மாவட்டம்" என்பார். ஐயா, மாமல்லபுரம் மட்டும் சென்னை மாநகராட்சியிலா இருக்கிறது?

ஈசிஆருக்கு நாங்கள் போகாதவர்கள் அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடங்களுக்கு முன் என் கொழுந்தனார் அம்மாவின் பிறந்தநாள் என்று எங்கள் எல்லோரையும் ஒரு ரிசார்ட்டுக்கு அழைத்துப் போனார். மதியச் சாப்பாடு தலைக்கு என்ன விலை என்பதை மூன்று முறை சொன்னார். அத்தை பகல் முழுவதும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "எதிரே இவ்வளவு பெரிய கடல் இருக்கும்போது தொட்டியில் ஏன் குளிக்கிறார்கள்?" என்று என்னிடம் மட்டும் கேட்டார். படம் எடுத்தார்கள், "அம்மாவுடன் ஒரு நாள்" என்று போட்டார்கள், நூறு பேர் இதயம் போட்டார்கள். அடுத்த மாதம் அத்தைக்குக் கண்புரை அறுவை. "எங்கள் பக்கம் நல்ல மருத்துவமனை இருக்கிறது, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றவர் அந்த வாரம் கொடைக்கானலில் இருந்தார். எட்டு நாள் விடுப்பு எடுத்துச் சொட்டு மருந்து விட்டது நான். இதற்கும் நீங்கள் கேட்டதற்கும் தொடர்பில்லை என்பது தெரிகிறது. இருந்தாலும் அழிக்கப் போவதில்லை.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது மிச்சம் இருக்கிறது. நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் போங்கள், வெயில் தாங்கும், பறவைகளும் இருக்கும். பெரம்பூரிலிருந்து பேசின் பிரிட்ஜ் வந்து கும்மிடிப்பூண்டி வண்டி மாறலாம். கார் வைத்திருந்தாலும் போகும்போதாவது ரயிலில் போங்கள். குடிக்கத் தண்ணீர், தொப்பி, பெரியவர்களுக்கு மாற்றுச் செருப்பு. எங்கள் அத்தை கரையோரம் இரண்டு அடி இறங்குகிறேன் என்று இறங்கி ஒரு செருப்பைச் சேற்றுக்குக் கொடுத்துவிட்டார். இன்னொன்றை நான் தூக்கிப் போடப் போனேன், விடவில்லை, பையில் வைத்துக்கொண்டார். பொன்னேரி வரை வெறுங்காலோடுதான் வந்தார்.

மீன் வாங்குவதாக இருந்தால் மூடி இறுகிய டப்பா கொண்டுபோங்கள். நாங்கள் கொண்டுபோகவில்லை. ஒரு கிலோ இறாலைத் துணிப்பையில் போட்டு மடியில் வைத்தபடி அத்தை பொன்னேரியில் ரயில் ஏறினார். கவரைப்பேட்டைப் பக்கம் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள்போலும், எதிரே நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மீஞ்சூர் வருவதற்குள் எழுந்து அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார்கள். அத்தை காலை நீட்டி எதிர் இருக்கையில் வைத்துக்கொண்டு, மகளைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டார். திருவொற்றியூர் வரை நல்ல இடம்.