24 கிலோவாட் பாய்லருக்குப் பதில் 16 கிலோவாட் ஹீட் பம்ப் தேவையா?

பழைய கேஸ் பாய்லர் 24 கிலோவாட் என்பதால் 16 கிலோவாட் ஹீட் பம்ப் (வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை இழுத்து வீட்டைச் சூடாக்கும் கரண்ட் மெஷின்) போடச் சொல்கிறார்கள், ஆண்டுக்கு 20,000 கிலோவாட் மணி கேஸ் செலவாகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பாய்லர் அளவை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். குழாயைத் திறந்ததும் வெந்நீர் வரவேண்டும் என்பதற்காகத்தான் அதைப் பெரும்பாலும் அவ்வளவு பெரிதாக வைக்கிறார்கள்.

கேஸ் பில்லே போதும். பாய்லர் திறன் 85% என்றால் வீட்டுக்குக் கிடைத்த வெப்பம் 17,000. குளியல், பாத்திரம் கழுவ 3,000 போனால் மிச்சம் 14,000. அதை 2,000 மணி நேரத்தால் (ஓர் ஆண்டுக்கான வெப்பத்தை முழு வேகத்தில் ஓடித் தர ஆகும் நேரம்) வகுத்தால் 7 கிலோவாட்; கடுங்குளிரில் வீட்டுக்குத் தேவை அவ்வளவுதான். தோராயம்தான், ஆர்டர் கொடுக்கும் முன் அறைவாரியான வெப்ப இழப்புக் கணக்கை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஆனாலும் 7 எங்கே, 16 எங்கே!

பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். இல்லை. அந்த அளவு மெஷின்கள் பல 5 கிலோவாட்டுக்குக் கீழே இறங்காது. வெளியே 10 டிகிரி இருக்கும்போது உங்கள் வீட்டுக்கு 3 கிலோவாட் போதும். மெஷின் சில நிமிடம் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். கம்ப்ரசர் தேயும், கரண்ட் பில்லும் ஏறும்.

விளம்பரத்தில் போடும் கிலோவாட் பெரும்பாலும் வெளியே 7 டிகிரி, வீட்டைச் சூடாக்க அனுப்பும் நீர் 35 டிகிரியில் அளந்தது. டேட்டா ஷீட்டில் உங்கள் ஊர்க் கடுங்குளிருக்கும் 50 டிகிரி நீருக்கும் உரிய எண்ணைப் பாருங்கள்.

ரேடியேட்டருக்கு (வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் பேனல்) ஒரு சோதனை: கடுங்குளிர் நாளில் பாய்லர் நீரை 50 டிகிரிக்கு இறக்கி வையுங்கள். எந்த அறை சூடாகவில்லையோ அங்கே மட்டும் பெரிய ரேடியேட்டர் மாற்றினால் போதும்.