31ஆம் தேதி வாங்கிய கடன்

அன்புள்ள அண்ணா,

வணக்கம். கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் நான்கு வருடமாக வேலை செய்கிறேன். ஆறு மாதம் முன்பு வரை கோட் எழுதிக்கொண்டிருந்தேன். இப்போது எங்கள் டீமில் யாரும் கையால் கோட் எழுதுவதில்லை. “நீ ஸ்பெக்கை எழுது, மீதியை ஏஐ பார்த்துக்கொள்ளும்” என்கிறார் டீம் லீட். ஸ்பெக் என்றால், மென்பொருள் என்னென்ன செய்ய வேண்டும் என்று விவரிக்கும் குறிப்பு. இதற்கு கிட்ஹப்பின் ஸ்பெக் கிட் என்ற கருவியைப் பயன்படுத்துகிறோம். ஸ்பெக், பிளான், டாஸ்க் என்று வரிசையாகப் போனால் கடைசியில் கோட் வந்துவிடுகிறது. கோட் சரியாக ஓடுகிறதா என்று சோதிக்கும் டெஸ்ட்டையும் ஏஐயே எழுதுகிறது. இரண்டு வாரம் இழுத்த வேலை இரண்டு நாளில் முடிகிறது.

மூன்று விஷயம் கேட்க வேண்டும். நல்ல ஸ்பெக் என்றால் என்ன, நீளமாக எழுதினால் போதுமா? டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆன பிறகும் நான் உட்கார்ந்து கோடைப் படிக்க வேண்டுமா? மூன்றாவதைக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவள் நான். கோடில் யாருக்கும் சளைத்ததில்லை. ஆனால் பத்தி பத்தியாக ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் கை நின்றுவிடுகிறது. பக்கத்தில் இருப்பவர்கள் மளமளவென்று எழுதித் தள்ளுகிறார்கள். இந்த வேலையில் இனி எனக்கு இடம் இருக்குமா?

ச.,
கோயம்புத்தூர்


அன்புள்ள ச.,

எனக்கு நடந்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் மூன்று கேள்விக்கும் பதில் அதில்தான் கிடைத்தது.

தெரிந்தவர் ஒருவர் தவணைக் கடன் கொடுக்கும் சின்ன நிறுவனம் நடத்துகிறார். 2025 தொடக்கத்தில் அவருக்கு ஒரு மென்பொருள் செய்து கொடுத்தேன். ஸ்பெக் நான் எழுதினேன், கோட் ஏஐ எழுதியது. ஸ்பெக்கில் இப்படி ஒரு வரி: ‘கடன் வாங்கிய தேதியிலிருந்து ஒவ்வொரு மாதமும் அதே தேதியில் தவணை விழ வேண்டும்.’ திரும்பத் திரும்பப் படித்தேன். எந்தக் குறையும் தெரியவில்லை.

பிப்ரவரி 28 அன்று ஓர் அம்மா பணத்தோடு கவுண்டருக்கு வந்திருக்கிறார். ஜனவரி 31 அன்று கடன் வாங்கியவர். கவுண்டரில் இருந்த பெண் பெயரைத் தட்டிப் பார்த்தால், இந்த மாதம் தவணை இல்லை என்று திரை சொல்கிறது. அடுத்த தவணை மார்ச் 3. அந்த அம்மா விடவில்லை. “மாசம் முடியப் போகுது, எனக்கு மட்டும் எப்படித் தவணை இல்லாமப் போகும்? அப்புறம் வட்டி ஏறிடுச்சுன்னு சொல்லுவீங்க” என்று அங்கேயே நின்றுவிட்டார். கவுண்டர் பெண் எனக்குப் போன் செய்தார்.

கோடைத் திறந்து பார்த்தேன். ஏஐ கோட் எழுதியிருந்த ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் ஜனவரி 31 என்ற தேதியை வைத்துக்கொண்டு மாதத்தை மட்டும் பிப்ரவரி என்று மாற்றினால், அது பிப்ரவரி 31 என்று எடுத்துக்கொள்ளும். 28-க்கு மேல் மிஞ்சிய மூன்று நாளை மார்ச்சில் சேர்த்துவிடும். அப்படி வந்ததுதான் மார்ச் 3. அதற்கடுத்த தவணை ஏப்ரல் 3, அப்புறம் மே 3. அந்த அம்மாவின் கணக்கிலிருந்து 31 என்ற தேதியே காணாமல் போயிருந்தது. இதையே பைத்தான் என்ற இன்னொரு மொழியில், பலரும் பயன்படுத்தும் டேட்யூட்டில் என்ற ஆயத்தக் கோட் தொகுப்பை வைத்து எழுதியிருந்தால் பிப்ரவரி 28 என்று வந்திருக்கும். ஆனால் அங்கேயும் ஒரு கிளை பிரிகிறது. அடுத்த தவணையை பிப்ரவரி 28-இலிருந்து எண்ணினால் மார்ச் 28. கடன் வாங்கிய நாளிலிருந்து இரண்டு மாதம் என்று எண்ணினால் மார்ச் 31. ஆக, மூன்று விதமான கோட். மூன்றையும் என்னிடம் காட்டி “நீ எழுதிய வரிப்படிதான் செய்தேன்” என்று ஒருவர் சொன்னால் என்னால் மறுக்க முடியாது.

நான் சொல்லாமல் விட்ட இடத்தில் ஏஐ ஒரு முடிவை எடுத்தது. முடிவு எடுத்திருக்கிறேன் என்று சொல்லவில்லை. இதுதான் என்னை உலுக்கியது. பதினைந்து வருடத்துக்கு முன்பு ஒரு சம்பளப் பட்டியல் வேலையில் இருந்தேன். வேலையில் சேர்ந்த நாள் வரும்போதெல்லாம் ஊதிய உயர்வு என்பது விதி. டீமில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் என் மேசைக்கு வந்து, “சார், பிப்ரவரி 29 அன்னிக்குச் சேர்ந்தவருக்கு என்ன பண்றது?” என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. கிளையன்ட்டுக்கு எழுதினேன். அவர்களுக்கும் தெரியவில்லை, அவர்கள் நிர்வாகத்திடம் கேட்டார்கள். இரண்டு நாள் அந்த வேலை நின்றது. அன்றைக்கு அதைத் தாமதம் என்று கணக்கில் எழுதினோம். உண்மையில் அந்த இரண்டு நாளில்தான் ஸ்பெக்கின் ஒரு வரி எழுதப்பட்டது. கோட் எழுதுகிறவர் விரல் நின்று, தலையைத் தூக்கிக் கேட்ட அந்தக் கேள்வி வழியாகத்தான் நம் தொழிலில் பாதி ஸ்பெக் எழுதப்பட்டு வந்திருக்கிறது. இப்போது விரல் நிற்பதில்லை. அதனால் நின்று கேட்கும் வேலையை நாம் முன்கூட்டியே, தெரிந்தே செய்தாக வேண்டியிருக்கிறது.

சரி, நீளம். நீளமாக எழுதுவதால் ஓட்டை அடைபடாது. என் ஸ்பெக் பதினோரு பக்கம். அதில் லாகின் திரையைப் பற்றி மட்டும் ஒன்றரைப் பக்கம். அதை எழுதாமலே விட்டிருந்தாலும் ஏஐ ஒழுங்காகச் செய்திருக்கும், ஏனென்றால் லாகின் திரை உலகம் முழுக்க ஒரே மாதிரிதான் இருக்கிறது. எந்த இடத்தில் இந்தக் கடை மற்றக் கடையிலிருந்து மாறுகிறதோ அங்கே பக்கத்தைச் செலவழியுங்கள். நீங்கள் பயன்படுத்தும் ஸ்பெக் கிட்டிலேயே, தெளிவில்லாத இடத்தைத் ‘தெளிவு தேவை’ என்று குறித்துவைக்க வழி இருக்கிறது. பிளானுக்குப் போகுமுன் கேள்வி கேட்கவைக்கும் க்ளாரிஃபை கட்டளையும் இருக்கிறது. அவசரத்தில் அதைத் தாண்டிப் போகாதீர்கள். கோட் எழுது என்று சொல்வதற்கு முன், இந்த ஸ்பெக்கில் நீயாக முடிவெடுக்க வேண்டிய இடங்களைப் பட்டியல் போடு என்று கேளுங்கள். என் வரியைக் கொடுத்து அப்படிக் கேட்டுப் பார்த்தேன். மாதக் கடைசித் தேதியைப் பற்றித்தான் முதல் கேள்வி வந்தது. கேட்டால் சொல்கிறது. நான் கேட்கவில்லை.

ஆனால் அதற்கும் எட்டாத இடம் உண்டு. அந்தப் போனுக்குப் பிறகு ஒரு நாள் முழுக்க கவுண்டரில் போய் உட்கார்ந்தேன். அந்தப் பெண் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் ஒரு நீள நோட்டு வைத்திருந்தார். பாதித் தவணை மட்டும் கட்டியவர்களை அதில் பென்சிலால் எழுதுகிறார். மீதியும் கட்டியதும் பென்சிலின் மேலேயே பேனாவால் எழுதிவிடுகிறார். என் மென்பொருளில் கட்டியது, கட்டாதது என்று இரண்டு நிலைதான். பாதி கட்டியவர் என்று ஒருவர் இருப்பதே அதற்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை தவணை விழுந்தால் திங்கள் வரைக்கும் அபராதம் போடுவதில்லை என்பதும் அன்றுதான் தெரிந்தது. இது எந்த ஏஐக்கும் தெரிய வழியில்லை. அந்த நோட்டு இணையத்தில் இல்லை.

இனி டெஸ்ட். என் மென்பொருளிலும் டெஸ்ட் அத்தனையும் பச்சை, அதாவது பாஸ். எல்லாவற்றிலும் கடன் தேதி 10 அல்லது 15. கோடை எழுதிய அதே புரிதல்தான் டெஸ்ட்டையும் எழுதியது. கோடுக்குத் தோன்றாதது டெஸ்ட்டுக்கும் தோன்றவில்லை.

இதைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஏரியன் 5 ஞாபகம் வருகிறது. 1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூவிலிருந்து அந்த ஐரோப்பிய ராக்கெட் முதல் தடவையாகக் கிளம்பியது. சுமார் 40 விநாடியில் திசை திரும்பிச் சிதறிவிட்டது. ராக்கெட் எந்த நிலையில் போகிறது என்று கணிக்கும் கருவியின் மென்பொருளை ஏரியன் 4-இலிருந்து எடுத்து வைத்திருந்தார்கள். புதிய ராக்கெட்டின் கிடைத்திசை வேகம் பழையதைவிட அதிகம். அந்த வேகத்தைச் சார்ந்த ஓர் எண்ணை 64 பிட்டிலிருந்து 16 பிட்டுக்கு மாற்றும்போது, 32,767-க்கு மேல் போக முடியாமல் கருவி நின்றுபோனது. அந்தக் கருவிக்கான ஸ்பெக்கில் ஏரியன் 5 பறக்கப்போகும் பாதையின் விவரம் சேர்க்கப்படவே இல்லை என்று விசாரணைக் குழு எழுதியது. ஒன்று பழுதானால் இன்னொன்று காப்பாற்றும் என்று அதே கருவியை இரண்டாக வைத்திருந்தார்கள். இரண்டிலும் ஒரே மென்பொருள். மாற்றுக்கு வைத்தது முதலில் நின்றது. ஒரு நொடிகூட ஆகவில்லை, அதே காரணத்தால் மற்றதும் நின்றது. ஏஐ எழுதிய கோடுக்கு அதே ஏஐ எழுதிய டெஸ்ட்டை மட்டும் காவல் வைத்தால், நாமும் ஒரே கருவியைத்தான் இரண்டாக வைத்திருக்கிறோம். சில டெஸ்ட்டுகளாவது உங்கள் கையிலிருந்து வர வேண்டும். கடையின் பழைய நோட்டிலிருந்து உண்மையான பத்துக் கணக்குகளை எடுத்து ஓட்டிப் பாருங்கள். நான் இப்போது அதைச் செய்யாமல் எதையும் கொடுப்பதில்லை.

கோடைப் படிக்க வேண்டுமா என்றால், படியுங்கள். எல்லா வரியையும் என்று சொல்லவில்லை. பணம், தேதி, அளவு, யாருக்கு எதைப் பார்க்க அனுமதி, இந்த இடங்களை விடாமல் படியுங்கள். ஸ்பெக் சரியாக இருந்தும் காப்பாற்றாத கதையும் உண்டு. நாசாவின் மார்ஸ் க்ளைமேட் ஆர்பிட்டருக்கு, உந்துவிசைக் கணக்கை நியூட்டன்-விநாடியில் தர வேண்டும் என்று ஸ்பெக்கில் இருந்தது. பூமியில் ஓடிய ஒரு மென்பொருள் பவுண்டு-விநாடியில் கொடுத்தது. சுமார் 4.45 மடங்கு வித்தியாசம். 1999 செப்டம்பர் 23 அன்று, செவ்வாயை அடைந்த நாளிலேயே விண்கலம் தொலைந்தது. நான்கு வருடம் கோட் எழுதிய உங்கள் கண்ணுக்கு, மாதத்தோடு ஒன்றைக் கூட்டும் வரியைப் பார்த்ததும் ‘31 வந்தால்?’ என்று தோன்றும். அந்தக் கண் கோடைப் படித்துப் படித்து வந்தது. படிப்பதை நிறுத்தினால் போய்விடும்.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். அதைக் கூச்சத்தோடு கேட்டிருக்கிறீர்கள். கூச்சப்பட ஒன்றுமே இல்லை.

அமேசானின் கீரோ என்ற கருவி ஸ்பெக்கை ஒரு குறிப்பிட்ட வாக்கிய அமைப்பில் எழுதவைக்கிறது. ‘இயர்ஸ்’ என்று பெயர். ரோல்ஸ்ராய்ஸில் விமான எஞ்சின் கட்டுப்பாட்டு வேலையில் இருந்தவர்கள் உருவாக்கி 2009-இல் வெளியிட்டது. ‘இன்னது நடக்கும்போது, அமைப்பு இன்னதைச் செய்ய வேண்டும்.’ ‘இன்ன நிலையில் இருக்கும்வரை, இன்னதைச் செய்ய வேண்டும்.’ ‘இன்ன தவறு நேர்ந்தால், இன்னதைச் செய்ய வேண்டும்.’ இப்படி விரல்விட்டு எண்ணக்கூடிய சில அமைப்புகள்தான். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களே, சரளமாக எழுதினால் குழப்பம் வருகிறது என்று தங்கள் ஆங்கிலத்துக்குக் கடிவாளம் போட்டுக்கொண்டார்கள். பத்தி பத்தியாக மளமளவென்று வருகிற ஸ்பெக்கைப் பார்த்து நீங்கள் பயப்பட வேண்டாம். அந்தப் பத்திகளில் ‘31 வந்தால்?’ இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

தமிழில் எழுதினாலும் கவனம் வேண்டும்தான். ‘10ஆம் தேதி வரை அபராதம் இல்லை’ என்கிறோம். 10ஆம் தேதி சேர்த்தியா இல்லையா? ‘ஒரு மாதம் கழித்து’ என்றால் 30 நாளா, அடுத்த மாதம் அதே தேதியா? எந்த மொழியிலும் இந்த இடத்தை வாக்கியத்தால் மட்டும் அடைக்க முடியாது, உதாரணம் வேண்டும். திருத்திய ஸ்பெக்கில் நான் எழுதியது இதுதான்: ‘கடன் 31.01.2025. தவணைகள் 28.02, 31.03, 30.04, 31.05.’ இதற்கு எந்த மீடியத்திலும் படித்திருக்க வேண்டியதில்லை.

முதல் வரைவைத் தமிழிலேயே எழுதுங்கள். உங்கள் கிளையன்ட் தமிழில் பேசுகிறவராக இருந்தால் அவரிடமே படித்துக் காட்டுங்கள். அவர் தலையாட்டிய பிறகு ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள், அந்த மாற்றும் வேலைக்கு ஏஐயையே உதவிக்கு வைத்துக்கொள்ளலாம். மாற்றியதில் தேதியும் எண்ணும் அப்படியே இருக்கின்றனவா என்று மட்டும் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

என்னுடைய பதினோரு பக்க ஆங்கில ஸ்பெக்கை அந்தக் கவுண்டர் பெண் பார்த்ததே இல்லை. திருத்தியதைத் தமிழில் எழுதி, மதியம் கூட்டம் குறைந்த நேரத்தில் அவருக்குப் படித்துக் காட்டினேன். நாலாவது வரியில் கையைக் காட்டி நிறுத்தினார். “ஞாயித்துக்கிழமை சரி சார். தீபாவளி அன்னிக்குத் தவணை விழுந்தா?”

ஐந்தாவது வரியை அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்.