கோத்தகிரிக் கிடங்கில் சுவிட்சுகள் பச்சை பூப்பது குறித்து

வணக்கம் ஐயா. சிமென்ட், கம்பியுடன் மின்பொருள்களையும் விற்கத் தொடங்கிய முதல் மழையிலேயே சுவிட்சுகளின் பித்தளை முனைகள் பச்சை பூத்து, எம்.சி.பி. (மின்சாரம் அளவு மீறினால் தானே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) அட்டைப்பெட்டிகள் ஊறிப்போனதாக எழுதியிருந்தீர்கள். குன்னூரில் இதே வணிகத்திலுள்ள எனக்கும் இது நேர்ந்திருக்கிறது. உங்கள் வருத்தம் நன்றாகவே புரிகிறது.

நீலகிரிக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழையும் உண்டு என்பதால், ஆறு மாதச் சரக்கை ஒரே நடையில் இறக்காமல், ஜூன் முதல் டிசம்பர் வரை பதினைந்து நாள் தேவைக்கு மட்டும் கோவையிலிருந்து எடுங்கள். சிமென்ட் இருக்கும் அறையில் சுவிட்சுகளை வைக்கவே கூடாது. அந்தத் தூசி ஈரத்தோடு முனைகளில் படிந்து இறுகிவிடும். மரப்பலகை மீது, சுவரிலிருந்து அரையடி தள்ளி, மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிகளில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு அடுக்குங்கள்.

பச்சை பூத்தவற்றைத் தேய்த்து விற்றுவிடாதீர்கள். முனைகள் சரியாகப் பொருந்தாவிட்டால் சூடேறி உருகும். இங்கோ வீட்டுக்கு வீடு கீசர். 3 கிலோவாட் கீசர் 230 வோல்ட்டில் சுமார் 13 ஆம்பியர் இழுக்கும். ஆகவே 16 ஆம்பியர் சாக்கெட், 20 ஆம்பியர் எம்.சி.பி., 4 சதுர மி.மீ. ஒயர் ஆகியவற்றைக் கூடுதலாக இருப்பு வையுங்கள். மின்விசிறியைக் கேட்பவருக்கு மட்டும் வரவழைத்துக் கொடுத்தால் போதும்.