இங்கிலாந்தில் பிரசவம்: மெஷின் மாட்ட மாட்டார்களா?

"லெஸ்டர் வந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. எனக்கு இப்போது எட்டாவது மாதம், தலைப்பிரசவம். வலி வந்ததும் குழந்தையின் துடிப்பைக் கையில் பிடிக்கும் டாப்ளரில் கேட்பார்களாம். ஊரில் அக்காவுக்கு மெஷினை மாட்டியே வைத்திருந்தார்கள். இங்கே கவனிக்காமல் விட்டுவிடுவார்களா? நானே ஒரு டாப்ளர் வாங்கிக்கொள்ளட்டுமா?" என்று கேட்டிருந்தீர்கள்.

விட்டுவிட மாட்டார்கள், தங்கச்சி. என் மூத்தவன் அப்படித்தான் பிறந்தான். 15 நிமிடத்துக்கு ஒருமுறை, ஒரு வலி ஓய்ந்த கையோடு, மிட்வைஃப் (பிரசவம் பார்க்கும் மருத்துவச்சி) டாப்ளரை அடிவயிற்றில் வைத்து முழுதாக ஒரு நிமிடம் கேட்பார். முக்கத் தொடங்கியதும் 5 நிமிடத்துக்கு ஒருமுறை. அவருடைய இன்னொரு கை என் மணிக்கட்டில் இருக்கும். என் நாடித்துடிப்பைக் குழந்தையுடையது என்று எண்ணிவிடக் கூடாதே, அதற்காக. சிக்கல் இல்லாத பிரசவத்தில், குழந்தையின் துடிப்பையும் வலியையும் விடாமல் பதியும் அந்த சிடிஜி மெஷினைத் தொடர்ந்து மாட்டினால் சிசேரியன்தான் கூடுகிறது, குழந்தை இறப்பு குறைவதில்லை என்று ஆய்வுகளில் தெரிந்த பிறகு வந்த வழக்கம் இது.

வலி வர ட்ரிப் ஏற்றினாலோ, எபிடியூரல் (வலி தெரியாமல் இருக்க முதுகில் போடும் ஊசி) போட்டாலோ, முன்பு சிசேரியன் ஆகியிருந்தாலோ சிடிஜி மாட்டத்தான் சொல்வார்கள். சின்னவளுக்கு எனக்கு ட்ரிப். வயிற்றில் இரண்டு பெல்ட். ஒரு சென்சார் துடிப்புக்கு, மேலே இருப்பது வயிறு இறுகுவதைப் பார்க்க. குதிரை ஓடுவது போல டக்டக்கென்று கேட்டுக்கொண்டே இருந்தது. இடப்பக்கம் புரண்டேன், சத்தம் நின்றுவிட்டது. எனக்கு உயிரே போய்விட்டது. மிட்வைஃப் சென்சாரை இரண்டு விரற்கடை கீழே நகர்த்தினார், 140 என்று திரும்ப வந்தது. நிமிடத்துக்கு 110க்கும் 160க்கும் நடுவில் இருப்பதுதான் இயல்பு. படுத்தே கிடக்க வேண்டாம், ஒயர் இல்லாத சென்சார் இருக்கிறதா என்று கேளுங்கள். சில இடங்களில் அதோடு நடக்கலாம், தண்ணீர்த் தொட்டியில்கூட இறங்கலாம். துடிப்பு சரியாகப் பதியவில்லை என்றால் குழந்தையின் தலையில் சின்ன கிளிப் பொருத்தலாமா என்று கேட்பார்கள். உங்கள் சம்மதம் இல்லாமல் செய்ய மாட்டார்கள்.

வீட்டுக்கு டாப்ளர் மட்டும் தயவுசெய்து வாங்காதீர்கள். உங்கள் நாடியையே கேட்டுவிட்டுக் குழந்தை நன்றாக இருக்கிறது என்று இருந்துவிடுவீர்கள். அசைவு குறைந்தால் நடு இரவானாலும் மகப்பேறு பிரிவுக்கு உடனே போன் செய்யுங்கள், விடியட்டும் என்று இருக்காதீர்கள். அப்புறம், வலியில் ஆங்கிலம் வராது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று இப்போதே உங்கள் மருத்துவக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது.