தோட்டா ஒன்றுதான், தோள் கொடுப்பது கார்பைன்

ஆயுதம் அறிவோம்: வாசகர் கேள்வி பதில்
(பதில் சொல்பவர், படையில் ஆர்மரராகத் துப்பாக்கி பழுதுபார்த்து ஓய்வுபெற்றவர்)

கேள்வி: அமைச்சர் ஒருவரின் பாதுகாப்புக் காவலர்களைப் பத்திரிகைப் படத்தில் பார்த்தேன். ஒருவர் இடுப்பில் பிஸ்டல், இன்னொருவர் கையில் கார்பைன், அதாவது தோளில் வைத்துச் சுடும் குட்டையான துப்பாக்கி. இரண்டுக்கும் ஒரே 9 எம்.எம். தோட்டாதான் என்கிறார் என் மாமா. அப்படியானால் அந்தப் பெரிய ஆயுதம் எதற்கு? அதற்குச் சக்தி அதிகமா, குறி அதிகமா?
– ஒரு வாசகர், கரூர்

பதில்: உங்கள் மாமா சொன்னது சரி, தம்பி. நம் நாட்டில் நீண்ட காலமாகப் புழக்கத்தில் இருக்கும் இரண்டை வைத்தே சொல்கிறேன். இரண்டையும் பிரித்துச் சுத்தம் செய்து கோத்தே என் வேலைக்காலம் போனது. ஒன்று, இஷாப்பூர் தொழிற்சாலையின் 9 எம்.எம். பிஸ்டல். பிரவுனிங் ஹை பவரின் இந்திய வடிவம், மேகசினில் (தோட்டா அடுக்கும் பெட்டியில்) 13 தோட்டா. மற்றொன்று, கான்பூரில் செய்த 1ஏ1 கார்பைன். இங்கிலாந்தின் ஸ்டெர்லிங்தான் அதற்கு மூலம். இடது பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் வளைந்த மேகசினில் 34 தோட்டா. செய்திகளில் இதையும் 'ஸ்டென் கன்' என்று எழுதிவிடுகிறார்கள், ஆனால் ஸ்டென் இதற்கு முந்தைய ஆயுதம்.

முதலில் சக்தியைப் பார்ப்போம். தோட்டாவின் வெடிமருந்து எரிந்து வரும் வாயு, குண்டு பேரலுக்குள் (துப்பாக்கிக் குழலுக்குள்) இருக்கும்வரைதான் அதைத் தள்ளும். அந்தப் பிஸ்டலின் பேரல் ஐந்து அங்குலத்துக்கும் குறைவு, கார்பைனின் பேரல் எட்டு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. அந்த மூன்று அங்குலம் கூடுதலாகத் தள்ளுவதால், வினாடிக்கு 350 மீட்டர் அளவில் போகிற குண்டு 390 பக்கம் போகிறது. அமெரிக்காவில் பொதுமக்கள் வாங்கும் கார்பைன்களில் பேரல் 16 அங்குலம். அதிலும் சாதாரண 115 கிரெயின் (சுமார் ஏழரை கிராம்) குண்டு 400 மீட்டரைத் தொட்டுச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். ஆற்றல் கணக்கில் பிஸ்டலில் 480 ஜூல் என்றால் இதில் 600 ஜூல். கால் பங்கு கூடுதல்.

பேரல் மூன்று மடங்கு நீண்டும் ஏன் இவ்வளவுதான்? பிஸ்டல் தோட்டாவில் போடுவது வேகமாக எரியும் மருந்து. முதல் சில அங்குலங்களிலேயே எரிந்து முடிந்துவிடும். அதற்கப்புறம் வாயு விரிந்துகொண்டே அழுத்தத்தை இழக்கிறது, பேரலின் உராய்வு குண்டைப் பிடித்து இழுக்கிறது. 147 கிரெயின் கனமான குண்டு என்றால் நீண்ட பேரலில் கிடைக்கும் ஆதாயம் இன்னும் சொற்பம். இதற்கு நேர்மாறு .357 மேக்னம் என்ற ரிவால்வர் தோட்டா. அதில் மெதுவாக எரியும் மருந்து நிறைய இருக்கும். நாலு அங்குல ரிவால்வரில் சுடுவதைவிட 16 அங்குல லீவர் ரைபிளில் அதன் ஆற்றல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஒரே தோட்டாவை இடுப்புத் துப்பாக்கிக்கும் தோள் துப்பாக்கிக்கும் வைத்துக்கொள்வது அமெரிக்க மேற்கில் பழைய வழக்கம். 1873 வின்செஸ்டர் ரைபிளின் .44-40 தோட்டாவுக்கே சில ஆண்டுகளில் கோல்ட் நிறுவனம் ரிவால்வர் செய்து கொடுத்தது. குதிரையில் போகிறவன் ஒரே தோட்டாப் பட்டையோடு கிளம்பலாம்.

ஆக 9 எம்.எம்.மில் சக்தி கூடுகிறது, ஆனால் கொஞ்சம். கார்பைனைத் தோளில் வைத்ததும் கையில் ரைபிள் இருப்பதாக நினைப்பது ஆபத்தான நினைப்பு. நம் இன்சாஸ் ரைபிளின் 5.56 குண்டு 1,600 ஜூலுக்குக் குறையாமல் புறப்படுகிறது. கார்பைனின் குண்டு நூறு மீட்டர் போய்ச் சேரும்போது, பிஸ்டலை விட்டு வெளியே வந்த கணத்தில் பிஸ்டல் குண்டுக்கு இருந்த ஆற்றல்கூட அதற்கு இருக்காது. இருபத்தைந்து மீட்டருக்குக் குறி சரிசெய்திருந்தால் நூறு மீட்டரில் ஓரடி கீழே இறங்கும்.

அப்படியானால் அது எதற்கு என்றுதானே கேட்டீர்கள்? குறிக்காகத்தான். இதை நான் அழுத்திச் சொல்வேன்.

பிஸ்டலை வைஸில் (பட்டறைப் பிடிகருவியில்) இறுக்கி, கை படாமல் சுட்டுப் பாருங்கள். நல்ல பிஸ்டல் 25 மீட்டரில் இரண்டு மூன்று அங்குல வட்டத்துக்குள் குண்டுகளைப் போடும். பேரலில் குறையே இல்லை. அதை மனிதன் கையில் பிடிக்கும்போதுதான் எல்லாம் மாறுகிறது. குறிபார்க்க உதவும் முனைகளைச் சைட் என்போம். பிஸ்டலில் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடைவெளி ஒரு சாணுக்கும் குறைவு, சுமார் 160 மில்லிமீட்டர். முன் சைட் ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினால் 25 மீட்டரில் குண்டு 15 சென்டிமீட்டர் தள்ளிப் போகும். கார்பைனில் அந்த இடைவெளி கிட்டத்தட்ட ஒரு முழம். அதே ஒரு மில்லிமீட்டர் தப்புக்கு ஆறு சென்டிமீட்டர்தான். மார்பளவு டார்கெட்டில் கார்பைன் குண்டு நடுவுக்கு அருகில் படும், பிஸ்டல் குண்டு ஓரத்தை நோக்கிப் போகும்.

அப்புறம் பிடிமானம். பிஸ்டலை இரண்டு கை தாங்குகிறது, அதுவும் ஒரே இடத்தில். கார்பைனுக்கு வலது கை, இடது கை, தோள், கன்னம் என்று நாலு இடம். எடையும் கைகொடுக்கும். பிஸ்டல் ஒரு கிலோவுக்குள், கார்பைன் 2.7 கிலோ. அதே தோட்டாவின் உதைப்பு இதில் பாதிகூடத் தெரியாது.

ஃபைரிங் ரேஞ்சில் ஒரு சோதனை செய்வோம். புதுப் பையனுக்குத் தெரியாமல் அவன் மேகசினில் வெடிக்காத ஒரு டம்மித் தோட்டாவைக் கலந்து வைப்போம். டமார், டமார் என்று இரண்டு சுடுவான். மூன்றாவதில் 'டிக்' என்று சத்தம் மட்டும் வரும், ஆனால் பிஸ்டலின் முனை இரண்டு விரல்கடை கீழே குத்தும். உதைப்பு வருமுன்னே கை அதைத் தடுக்கப் பார்த்திருக்கிறது. கோழைத்தனம் அல்ல அது, எல்லாக் கைக்கும் உள்ள இயல்பு. நாள் கணக்கில் டிரிகரை மெதுவாக இழுத்துப் பழகினால்தான் போகும். அதே பையனிடம் கார்பைனைக் கொடுத்தால் அன்றைக்கே டார்கெட்டில் குண்டுகள் ஒழுங்காக ஒரே இடத்தில் நெருங்கி விழும். வருஷத்துக்குச் சில தோட்டாதான் சுடக் கிடைக்கும் காவலரைக் கூட்டமான கடைத்தெருவில் நிறுத்துகிறோம். குறி தவறிய குண்டு யாரையாவது போய்த்தானே சேரும்? அவரிடம் எந்த ஆயுதம் இருந்தால் நல்லது என்று கேட்டால், என் பதில் கார்பைன்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். 1ஏ1 'ஓப்பன் போல்ட்' வகை. டிரிகரை அழுத்தியதும் பின்னால் நிற்கும் கனமான போல்ட் (தோட்டாவைத் தள்ளி அடைக்கும் இரும்புக் கட்டை) முன்னால் பாய்ந்து மோதி, அதற்கப்புறமே தோட்டா வெடிக்கும். அந்தப் பாய்ச்சலில் குறி அசையும். என்.எஸ்.ஜி. (தேசிய பாதுகாப்புப் படை) வைத்திருக்கும் ஜெர்மன் எம்.பி.5இல் போல்ட் முன்கூட்டியே மூடியிருக்கும், டிரிகரை அழுத்தினால் உள்ளே அடிப்பது சிறிய ஹேமர் (சுத்தி) மட்டும். அதே 9 எம்.எம்., அதைவிடத் துல்லியம்.

கேள்வி: கார்பைனுக்கு எப்போதும் பிஸ்டலைவிடச் சக்தி அதிகம் என்று வைத்துக்கொள்ளலாமா?
– ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: கூடாது அம்மா. 2ஏ1 என்று சத்தம் அடக்கிய கார்பைன் ஒன்று இருக்கிறது, மேலே சொன்ன 1ஏ1இன் உடன்பிறப்பு. அதன் பேரலிலேயே வரிசையாகத் துளைகள் போட்டிருப்பார்கள். வாயு அவற்றின் வழியே சுற்றியுள்ள குழாய்க்குள் கசிந்துவிடும். குண்டு ஒலியின் வேகத்தைத் தாண்டினால் காற்றில் 'படீர்' என்று வெடிச்சத்தம் எழும், அதைத் தவிர்க்கத்தான் இந்த ஏற்பாடு. வேகம் வினாடிக்கு 300 மீட்டர் அளவில் நின்றுவிடும். பிஸ்டலைவிடக் குறைவு! ஆனால் தோளில் வைத்துச் சுடுவதால் குறிக்குப் பெரிய பங்கம் இல்லை.

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பு. துப்பாக்கி சுடுதலில் சேர ஆசைப்படுகிறாள். ஏர் ரைபிள், ஏர் பிஸ்டல், எது எளிது?
– ஒரு தாய், கடலூர்

பதில்: எளிது என்று எதையும் சொல்ல மாட்டேன். இரண்டிலும் 4.5 மில்லிமீட்டர் பெல்லட்தான், தூரமும் அதே 10 மீட்டர். ஆனால் உலகப் போட்டி விதிப்படி ஏர் பிஸ்டல் டார்கெட்டில் பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர், ஏர் ரைபிளில் அது வெறும் அரை மில்லிமீட்டர் புள்ளி. பிஸ்டலை ஒரே கையில் நீட்டிப் பிடித்துச் சுட வேண்டும், ரைபிளுக்குத் தோள் உண்டு. கரூர்த் தம்பிக்கு நான் எழுதிய பதில் முழுவதும் இந்த இரண்டு வட்டங்களில் இருக்கிறது. உங்கள் ஊரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ரைபிள்காரர். பாரிஸ் 2024இல் வெண்கலம் வாங்கிய மனு பாக்கர் பிஸ்டல்காரர். மகளை ஒரு ரைபிள் கிளப்புக்கு அழைத்துப் போய் இரண்டையும் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். நின்ற நிலையில் நீண்ட நேரம் அசையாமல் இருக்கப் பொறுமை உள்ள பிள்ளைக்கு ரைபிள் பிடித்துப்போகும். தோளும் மணிக்கட்டும் உறுதியாக இருந்தால் பிஸ்டல். முதல் சில மாதங்கள் கிளப்பின் துப்பாக்கியே போதும், அவசரப்பட்டுச் சொந்தமாக வாங்க வேண்டாம்.